இடது பெடல்

என் வீட்டுக்காரர் கோவிந்தப்பனுக்கு இருப்பது ஒன்றரைக் கால். மீதி அரைக் கால் அவருடைய சைக்கிள். இதை நான் கேலியாகச் சொல்லவில்லை. கிருஷ்ணகிரி ரோட்டில் மொபெட்டிலிருந்து விழுந்ததில் இடது முழங்கால் நொறுங்கிப்போனது. ஆபரேஷன் முடிந்து எழுந்தபோது அது பாதிக்கு மேல் மடங்காது என்று ஆகிவிட்டது. கொஞ்ச தூரம் நடந்தாலே வலி முகத்தில் தெரியும். பஸ்ஸில் ஒரு கால் வைப்பதற்குள் கண்டக்டர் விசில் அடித்துவிடுவான். ஆனால் சைக்கிள் மட்டும் ஓட்டுவார். மத்திகிரியில் வெல்டிங் கடை வைத்திருக்கும் சென்றாயன்தான் அதற்கு வழி கண்டுபிடித்தான். இடது பெடலைத் தாங்குகிற இரும்புக் கை இருக்கிறதே, கிராங்க் என்பார்கள், அதைப் பாதியாக அறுத்து, புதிதாக ஓட்டை போட்டு, பெடல் திருகி உட்காருகிற மரையும் வெட்டிக் கொடுத்தான். வலது கால் பெரிய வட்டம் சுற்றும், இடது கால் சின்ன வட்டம் சுற்றும். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அதில்தான் அவர் பல வருஷம் சிப்காட்டுக்கு ஷிப்டு தவறாமல் போய்வந்தார்.

அவர் வேலை செய்தது பிரேக் பாகங்கள் செய்கிற ஒரு கம்பெனியில். போன தீபாவளி முடிந்த கையோடு, அவர் இருந்த லைனை, அந்த மிஷின் வரிசை மொத்தத்தையும், அப்படியே பெயர்த்துக் குஜராத்துக்குக் கொண்டுபோகிறோம் என்று சொல்லிவிட்டார்கள். வருகிறவன் வரலாம், வராதவன் கணக்கை முடித்துக்கொண்டு போகலாம். மிஷினைக் கிரேன் வைத்துத் தூக்கினார்கள். மனிதர்களுக்குப் பிளேன் டிக்கெட் போட்டார்கள்.

ஓசூரில் பர்மனென்ட் என்ற சொல்லுக்கு என்ன எடை என்பது வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நான் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் பேக்கிங்கில் இருக்கிறேன், காண்ட்ராக்டில். எங்களுக்குக் கழுத்தில் மஞ்சள் நாடா, பர்மனென்ட்டுக்கு நீல நாடா. கேன்டீனில் அவர்களுக்குத் தனி வரிசை. வருஷத்துக்கு ஒரு தடவை எங்களை நிறுத்திவிட்டு, புதுசாக வந்தவள் மாதிரி பெயர், ஊர் எல்லாம் கேட்டு மறுபடியும் சேர்த்துக்கொள்வார்கள். ஒவ்வொரு தடவையும் நான் மாதேசு, சிங்காரப்பேட்டை என்று சொல்வேன், ஒவ்வொரு தடவையும் அந்தப் பெண் அது எங்கே இருக்கிறது என்று கேட்பாள். எங்கள் வம்சத்தில் கூலி வேலையை விட்டு மாசச் சம்பளத்துக்கு வந்த முதல் ஆள் என் வீட்டுக்காரர்தான். அவருடைய அப்பா அடுத்தவன் காட்டில் செத்தார். என் அப்பாவும் அப்படியே. இவர் கழுத்தில் நீல நாடா. அதைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, இந்த வயதில், இந்தக் காலோடு, எந்தக் கம்பெனி வாசலில் போய் இவர் நிற்பார்? செக்யூரிட்டி வேலைக்குக்கூட நிற்க முடிகிற ஆள்தான் வேண்டும் என்பார்கள்.

அதனால் குஜராத் போகத்தான் வேண்டும் என்று நான் சொன்னேன். அவர் எப்போதும்போல் நேராக ஒன்றும் சொல்லவில்லை. அங்கே சாப்பாடு ஒத்துக்காது என்றார். குக்கர் வாங்கிக் கொடுத்தேன். பாஷை தெரியாது என்றார். இங்கே வீட்டு ஓனரம்மாவிடம் தெலுங்கு, பால்காரரிடம் கன்னடம், ஊர்க்காரர்களிடம் தமிழ் என்று மூன்று பாஷை பேசுகிறவருக்கு நாலாவது வராதா என்று கேட்டேன். கடைசியாகச் சைக்கிளைப் பிடித்துக்கொண்டார். முன்னாடியே அங்கே போன ஆள் ஒருவர் போனில் சொல்லியிருந்தார்: தங்குகிற ரூமிலிருந்து கம்பெனி பஸ் நிற்கிற இடம் வெகு தூரம், ஷிப்டு நேரத்தில் ஆட்டோ கிடையாது, நடந்துதான் போகணும். சைக்கிள் இல்லாமல் அங்கே என்ன பண்ணுவது என்றார். அங்கே ஒன்று வாங்கினால் ஆகாது, கிராங்க் அறுத்துத் தருகிறவனை எங்கே தேடுவது. சைக்கிளை ஏற்றிக்கொண்டு ரயிலில் போகலாம் என்றால், இரண்டு ராத்திரி உட்கார்ந்துபோக அந்தக் கால் இடம் கொடுக்காது.

நான் விட்டேனா? நிர்மலாவிடம் சொன்னேன். எங்கள் மகள், கிருஷ்ணகிரியில் ஹாஸ்டலில் தங்கிக் காலேஜில் படிக்கிறாள். அவள் செல்போனில் தேடி, அட்டைப்பெட்டியில் ஒழுங்காகக் கட்டினால் பிளேனில் சைக்கிளையும் எடுத்துப் போகலாம், அதற்குத் தனியாக டிக்கெட் மாதிரி போடணும், டயரில் காற்றை இறக்கணும் என்று எல்லாம் கண்டுபிடித்தாள். அதையும் போட்டாயிற்று. அன்றைக்கு ராத்திரி அவர் சாப்பிட்டுவிட்டுப் படுத்துக்கொண்டார். ஒரு பிரச்சினை தீர்ந்தது என்று நானும் படுத்துத் தூங்கினேன்.

அவருடைய கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. லைனிலிருந்து யார் போனாலும், அவர் கொண்டுபோகிற சாமானை, சரக்கு அனுப்புகிற டிஸ்பாட்ச் ஆட்கள் எக்ஸ்போர்ட் பேக்கிங்கில் கட்டித் தருவார்கள். ஒருவர் மகளுக்குக் கொடுத்த சீரையே, பீரோ முதல் குத்துவிளக்கு வரை, ஜெர்மனிக்கு அனுப்புகிற மாதிரி கட்டிக் கொடுத்தார்களாம். மாப்பிள்ளை வீட்டில் பிரித்து முடிக்க ஒரு நாள் ஆயிற்றாம். சைக்கிள் என்றதும் அவர்களுக்கு ஒரே குஷி. கடைசி வேலை நாள், வெள்ளிக்கிழமை, சாப்பாட்டு நேரத்தில் எல்லாரும் சேர்ந்து கழற்றிக் கட்டிவிட்டார்கள். சாயங்காலம் பெட்டி வேனில் வந்து இறங்கியது. நானும் பேக்கிங்காரிதான், சொல்கிறேன், அப்படி ஒரு கட்டு நான் பார்த்ததில்லை. மூலைக்கு மூலை அட்டைக் கவசம், நாலு பட்டை, மேல்நோக்கி அம்புக்குறி, உடையும் சாமான் என்பதற்குக் கண்ணாடிக் குவளைப் படம். பொருளின் பெயர் போடுகிற இடத்தில் கோவிந்தப்பன் என்று அச்சடித்திருந்தார்கள். அவர் அதைப் பார்த்துச் சிரிக்கவில்லை. போகிற துக்கம் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு நைட் ஷிப்டு, கிளம்பிவிட்டேன்.

சனிக்கிழமை காலையில் நான் வீடு வந்து சேர்ந்தபோது அவர் இல்லை. தேன்கனிக்கோட்டையில் இருக்கிற அக்கா மாரம்மாவிடம் சொல்லிவிட்டு வரப் போயிருந்தார். ராகிக் காட்டில் யானை வந்து மிதித்த கதையை அந்த அம்மா ஆதியோடந்தமாகச் சொல்லி முடிக்காமல் யாரையும் விட மாட்டார், சாயங்காலம்தான் வருவார் என்று தெரியும். மறுநாள் பிளேன். நான் முகத்தைக் கழுவிவிட்டு அப்படியே தரையில் சாயலாம் என்று இருந்தேன். கால் இரண்டும் என்னுடையதா என்று சந்தேகமாக இருந்தது.

அப்போது சந்தோஷ் வந்தான். என் வீட்டுக்காரரோடு லைனில் வேலை செய்தவன், இரண்டு பிள்ளைக்குத் தகப்பன், வாய் ஓயாமல் பேசுகிறவன். அன்றைக்கு வாசலிலேயே நின்றான். ஒன்று சொன்னால் திட்டக்கூடாது என்றான். திட்டுவதற்குக்கூடத் தெம்பு இல்லை, சொல் என்றேன்.

அவன் சொன்னது இதுதான். வலது பெடல் ஸ்பேனர் போட்டதும் கழன்றுவிட்டது. இடது பெடல் அசையவில்லை. அவர்கள் லைனில் இருக்கிற அத்தனை போல்ட்டும் ஒரே பக்கம் இறுகும், ஒரே பக்கம் கழலும். வருஷக்கணக்கில் அதையே செய்து செய்து கை அந்தப் பக்கம்தான் திரும்பும். துருப் பிடித்துவிட்டது என்று முடிவு பண்ணி, ஸ்பேனர் முனையில் நீளமாக ஒரு பைப்பைச் செருகி, இரண்டு பேர் தொங்கியிருக்கிறார்கள். பைப் போட்டுக் கழலாத போல்ட் உண்டா என்று ஒருவன் வேறு பேசியிருக்கிறான். அது சட்டென்று திரும்பியது. எல்லாரும் கை தட்டினார்கள். பெடலை வெளியே இழுத்தபோது கூடவே இரும்புத் தூளும் கொட்டியது.

“இடது பெடலு மட்டும் எதிர்ப்பக்கம் திருப்பணுமாங்க்கா. அப்புறமாத்தான் யூடியூப்ல பாத்தம். நாங்க கழட்டறதா நெனச்சிக்கினு இறுக்கியிருக்கறம். மரை மொத்தமும் போயிருச்சு. இப்ப மாட்டினா ரெண்டு மிதிக்கு நிக்காது, கழண்டு வுழுந்துரும்.”

எனக்கு முதலில் கோபம்கூட வரவில்லை. தலைக்குள் ஒரு இரைச்சல்தான். அத்தனை பேர் சேர்ந்து, அத்தனை அழகாகக் கட்டி, உள்ளே உடைந்த சாமானை வைத்து அனுப்பியிருக்கிறார்கள். தெரிந்தும் எதற்காகப் பெட்டியை ஒட்டினீர்கள் என்று கேட்டேன். அவன் வெளியே நின்ற தன் வண்டியைப் பார்த்தான். நான் வந்து சொன்னேன் என்று மட்டும் அண்ணனிடம் சொல்லிவிடாதீர்கள் என்றான். நான் என்ன நினைப்பேன்? அவருக்குத் தெரியாது, பயந்துபோய் மறைத்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

அவரிடம் போன் பண்ணிச் சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். சொல்லவில்லை. காரணத்தை மறைக்க மாட்டேன். சொன்னால் அதுதான் சாக்கு என்று அக்கா வீட்டிலேயே உட்கார்ந்துவிடுவார், நீல நாடா போய்விடும் என்று பயந்தேன். அவர் வருவதற்குள் சரி பண்ணிவிட வேண்டும் என்று மட்டும்தான் மண்டையில் ஓடியது. கத்தியை எடுத்து அந்த அழகான பட்டைகளை அறுத்தேன்.

முன் சக்கரத்தைத் தனியாகக் கட்டியிருந்தார்கள். மிச்சத்தைச் சந்தோஷின் வண்டியில் நான் பின்னால் உட்கார்ந்து தோளில் மாட்டிக்கொண்டேன். சனிக்கிழமை டிராபிக்கில், லாரிகளுக்கு நடுவில், சைக்கிளைச் சுமந்துகொண்டு பைக்கில் போகிற பொம்பளையை யார்தான் பார்க்க மாட்டார்கள். ஒருவன் செல்போனில் படமே எடுத்தான். சைக்கிளின் செயின் என் புடவையில் கறுப்பாகக் கோடு போட்டது. சந்தோஷ் வழி முழுக்க மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்தான், ரோட்டைப் பார்த்து ஓட்டுடா என்று சொல்லி நிறுத்தினேன்.

சென்றாயன் கிராங்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஓட்டைக்குள் விரலை விட்டான்.

“பைப்பு போட்டீங்களா?” என்றான். சந்தோஷ் தலையை ஆட்டினான்.

அப்புறம் சென்றாயனே, தான் வெட்டின மரையும் அவ்வளவு ஆழம் கிடையாது, அன்றைக்கு அவன் வைத்திருந்த கருவி மழுங்கல் என்று ஒத்துக்கொண்டான். இடது மரை வெட்டுகிற கருவி அவனுடையதே இல்லை, அத்திப்பள்ளியில் ஒரு கன்னடத்துக்காரரிடம் இரவல் வாங்கினது, அவர் கடையை மூடிவிட்டுப் போய் வெகு காலம் ஆகிறது. இனி மரை வெட்ட முடியாது. ஒரே வழி, பெடல் தண்டைக் கிராங்கோடு சேர்த்து வெல்டு வைப்பது. பெடல் சுற்றும், ஆனால் தனியாகக் கழலாது. பெட்டியில் வைக்க என்ன செய்வது என்று கேட்டேன். கிராங்கைப் பிடித்திருக்கிற ஆப்பு ஆணியைத் தட்டி எடுத்தால் கிராங்கே தனியாக வந்துவிடும், அங்கே போய் அதைச் சொருகித் தட்டிக்கொண்டால் போதும் என்றான். முன்னாடியே அதைச் செய்திருந்தால் பெடலைத் தொடவே வேண்டியிருந்திருக்காது. அதை அவன் சொல்லவில்லை, எனக்கே புரிந்தது. சந்தோஷுக்கும் புரிந்தது, அவன் டீ வாங்கப் போய்விட்டான்.

ஆனால் கரண்ட் இல்லை. மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையிலேயே நிறுத்தியிருந்தார்கள். எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. கடை ஓரத்தில் ஒரு லாரி டயர் கிடந்தது. அதில் உட்கார்ந்தேன். உட்கார்ந்ததுதான் தெரியும். சென்றாயன் தட்டி எழுப்பி ஒரு பன்னைக் கையில் கொடுத்தபோது வெயில் சாய்ந்திருந்தது, என் கன்னத்தில் டயரின் வரி பதிந்திருந்தது.

பன்னைத் தின்றுகொண்டிருக்கும்போது சென்றாயன் சொன்னான். போன வாரம் என் வீட்டுக்காரர் கடைக்கு வந்திருந்தாராம். கிராங்க் தேய்ந்துபோயிருக்கிறதா பார் என்று கேட்டாராம். கல்லு மாதிரி இருக்கிறது, இன்னும் பத்து வருஷம் வரும் என்று இவன் சொல்லியிருக்கிறான். அதற்கப்புறமும் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனாராம். தூர தேசம் போகிறவர் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்கிறார், நல்ல ஜாக்கிரதைதான் என்று நான் நினைத்தேன். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. இப்போது அதை நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போல் இருக்கிறது.

கரண்ட் வந்தது. சென்றாயன் கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி பிடித்து வெல்டு வைத்தான். ஆறினதும் தன் முழு எடையையும் பெடல்மேல் போட்டு ஏறி நின்று காட்டினான். இனி எவன் பைப் போட்டாலும் வராது என்றான். எனக்கு அழுகை வந்தது. தூக்கக் கலக்கத்தில் வருகிற அழுகை அது, பெரிய அர்த்தம் எதுவும் இல்லை.

வீட்டுக்கு வந்து நானே கட்டினேன். கிராங்கைத் துணியில் சுற்றி, ஆப்பு ஆணியைத் தொலையாமல் அதோடு சேர்த்து டேப் போட்டு, அடியில் வைத்தேன். பிரித்த பட்டைகளைச் சேர்க்க முடியாது. கடையில் விற்கிற பழுப்பு டேப்பைத்தான் சுற்றிச் சுற்றி ஒட்டினேன். கம்பெனிக் கட்டுமாதிரி லட்சணமாக இல்லை, ஆனால் உள்ளே இருப்பது நல்ல சாமான். சந்தோஷ் பெட்டியைப் பிடித்துக்கொண்டே இருந்தான். ஏதோ சொல்ல வருகிறமாதிரி இரண்டு தடவை வாயைத் திறந்தான். அப்புறம் காலையில் வேன் கொண்டுவருகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

பொழுது இறங்கும்போது என் வீட்டுக்காரர் வந்தார். கையில் அக்கா கொடுத்த ராகிமாவு மூட்டை. செருப்பைக் கழற்றும்போதே பெட்டியைப் பார்த்துவிட்டார்.

“யாரு பிரிச்சது?”

நான் சொன்னேன். ஆரம்பத்திலிருந்து சொன்னேன். சந்தோஷ் பெயரை மறைத்தேன், அது மறைகிற பெயரா. பைப் போட்ட கதை, பைக்கில் போன கதை, டயரில் தூங்கிய கதை, எல்லாம். கொஞ்சம் ரசமாகவே சொன்னேன். பாராட்டுவார் என்று எதிர்பார்த்தேன் என்பதை ஒத்துக்கொள்கிறேன். அவர் கட்டிலில் உட்கார்ந்து இடது காலை நீட்டிக்கொண்டார். பெட்டியையே பார்த்தார்.

“வெல்டு வெச்சிட்டானா?”

“வெச்சிட்டான். மேல ஏறி நின்னே காட்டினான். அங்க போயி ஆப்ப சொருகித் தட்டினா முடிஞ்சுது.”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். முழங்காலில் கையை வைத்துத் தேய்த்துக்கொண்டே சொன்னார்.

“அது போயிருச்சுன்னு எனக்குத் தெரியும் மாதேசு. கழட்டறப்ப நான் அங்கதான் நின்னுக்கினு இருந்தன். அப்பிடியே கட்டுங்கடா, வூட்ல சொல்லாதீங்கன்னு நான்தான் சொன்னன்.”

எனக்குப் புரியவில்லை. உடைந்ததை வைத்துக்கொண்டு அங்கே போய் என்ன செய்வது என்று கேட்டேன்.

“என்ன செய்யறது. சைக்கிள் ஓடல, நடக்க முடியல, வேலைக்குப் போக முடியலன்னு திரும்பி வந்திருப்பன். நீயும் ஒண்ணும் சொல்லியிருக்க முடியாது.”

அதைச் சொன்னபோது அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. எனக்குக் கோபம் வந்தது, நன்றாகவே வந்தது. ராத்திரி முழுக்க நின்று வேலை செய்துவிட்டு, பகல் முழுக்க இரும்பைச் சுமந்து அலைந்தவள் நான். போக மாட்டேன் என்று வாயைத் திறந்து ஒரு வார்த்தை என்னிடம் சொல்வதற்கு என்ன கேடு என்று கத்தினேன். அடுத்த வீட்டில் டிவி சத்தத்தைக் குறைத்தார்கள்.

“எத்தினி வாட்டி சொன்னன்” என்றார். “சோறு ஒத்துக்காதுன்னன், குக்கர் வாங்கின. சைக்கிள் இல்லாம எப்பிடின்னன், சைக்கிளுக்கே டிக்கெட் போட்ட.”

நான் அப்படியே பெட்டிப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். அவர் சொன்னது ஒன்றுகூடப் பொய் இல்லை. அந்த மனிதர் வாழ்க்கையில் யாரிடமும் முடியாது என்று சொன்னதில்லை. லைனில் சொன்னதில்லை, ஊரில் பண்ணையக்காரர் வீட்டில் நின்ற காலத்தில் சொன்னதில்லை. அவர் சுற்றி வளைத்துத்தான் சொல்வார், ஏதாவது ஒரு சாமானைக் காட்டித்தான் சொல்வார். இருபது வருஷம் குடும்பம் நடத்தினவளுக்கு அது தெரியாதா? தெரியும். தெரிந்துதான் ஒவ்வொன்றையும் தீர்த்துவைத்தேன். அவர் சொல்லாமல் சொன்னதைக் கேட்க எனக்குத்தான் மனசில்லை. நீல நாடா ஒன்றுதான் என் கண்ணில் நின்றது.

போக வேண்டாம் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். தொண்டை வரை வந்தது. கூடவே அடுத்த மாசம் வந்தது, நிர்மலாவின் கடைசி வருஷம் வந்தது, எங்கேயாவது ஒரு கம்பெனி வாசலில் மஞ்சள் நாடாவுக்காக இவர் ஒற்றைக் காலில் நிற்கிற காட்சி வந்தது. அதோடு, உண்மையைச் சொல்கிறேன், எனக்கு உடம்பில் ஒன்றுமே மிச்சமில்லை. ஒரு முடிவை மாற்றுவதற்கும் தெம்பு வேண்டும். நான் எழுந்து சோறு போட்டேன். அவர் சாப்பிட்டார். நல்ல வேலை பண்ணியிருக்கிறான் சென்றாயன், ஆப்பை மறுபடி அடிக்க அங்கே ஒரு சுத்தியல் வேண்டுமே என்று மட்டும் கேட்டார். சுத்தியலையும் எடுத்துப் பெட்டியில் வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சந்தோஷ் வேனோடு வந்தான். அவரைப் பார்த்து அவன் கண்ணைத் தாழ்த்திக்கொண்டான். அவர் அவன் முதுகில் தட்டி, பரவாயில்லை விடு என்றார். பெட்டியை ஏற்றினார்கள். காலை நீட்டுவதற்காக அவர் முன் சீட்டில் உட்கார்ந்தார். வீட்டு ஓனரம்மா வந்து தெலுங்கில் நல்லபடியாகப் போய்வரச் சொன்னார். அவரும் தெலுங்கில் சரியம்மா என்றார். என்னிடம், கதவைத் தாழ் போட்டுத் தூங்கு, நைட் ஷிப்டு வேணாம்னு சூபர்வைசர்கிட்டக் கேட்டுப் பாரு என்று சொன்னார். பெங்களூர் ஏர்போர்ட் வரை நானும் போயிருக்கலாம். பெட்டியை இறக்கிவிட்டு அதே வேனில் திரும்பி வந்திருக்கலாம். போகவில்லை. அங்கே அவர் அந்தப் பெட்டியைக் கொடுத்துவிட்டு நொண்டிக்கொண்டே உள்ளே போவதைப் பார்க்க என்னால் ஆகாது.

போய்ச் சேர்ந்ததும் இரண்டு வார்த்தை பேசி வைத்துவிட்டார். அப்புறம் அவருக்கு ஷிப்டு, எனக்கு ஷிப்டு, மாற்றி மாற்றி நேரம் ஒத்துவரவில்லை. அந்த வார ஓய்வில்தான் நிதானமாகக் கூப்பிட்டார். நான் துணி ஊறப்போட்டிருந்தேன். கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தேன்.

பருப்பில் சர்க்கரை போடுகிறார்கள் என்றார். ரூமில் இவரோடு மூன்று பேர், ஒருத்தன் ஒடிசாக்காரன், நல்ல பையன் என்றார். மிஷினெல்லாம் நம்ம மிஷின்தான், ஓசூரில் நான் ஒட்டின ஸ்டிக்கர்கூட அப்படியே இருக்கிறது என்றார். கால் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். இருக்குது என்றார். குரல் தள்ளி எங்கேயோ இருந்தது. அங்கே பக்கத்தில் யாரோ இந்தியில் பாட்டுப் போட்டிருந்தார்கள்.

எதைக் கேட்கக்கூடாது என்று நினைத்தேனோ, அதைத்தான் கேட்டேன். சைக்கிள் எப்படி ஓடுகிறது என்றேன்.

“நல்லா ஓடுது மாதேசு” என்றார். “ஒரு சத்தம் இல்ல. வெல்டு கல்லு மாதிரி நிக்குது. தெனமும் அதுலதான் போறன்.”

இன்ஸ்பெக்ஷனுக்கு வந்த ஆபீசரிடம் சொல்வதுபோல் சொன்னார். ஒரு குறையும் இல்லை. நான் அலைந்த அலைச்சலுக்கு நன்றியும் அதில் இருந்தது, அது எனக்குத் தெரிந்தது. நீல நாடா, நிர்மலா, அடுத்த மாசம் எல்லாம் அப்போதும் அப்படியேதான் இருந்தன. ஒன்றும் மாறவில்லை. ஆனால் அந்த மனிதர் எனக்கு வேண்டும் என்று இருந்தது.

“ஏங்க” என்றேன். “ஓடலன்னு சொல்லிட்டு வந்துருங்க.”

அவர் பதில் சொல்லவில்லை. போனையும் வைக்கவில்லை.